நன்னடத்தை வெள்ளி

ஐப்பசி பிறந்தால் தூத்துக்குடிக் கரையில் காற்று திசை மாறும். ஆடியிலும் ஆவணியிலும் மணலை வாரி இறைத்து, கூரை ஓலைகளைப் பிய்த்து, உப்பளத்தில் நிற்பவர் கண்ணில் உப்பைத் தூவிக்கொண்டிருந்த கச்சான் என்னும் மேல்காற்று மெல்ல ஓயும். சில நாள்கள் ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். துறைமுகத்துத் தோணிகளில் பாய்கள் துவண்டு தொங்கும். பின்பு ஒரு விடியலில் வாடை இறங்கும். வானம் தாழ்ந்து வந்து கடலின்மேல் சாய்ந்துகொள்ளும். முத்தும் சங்கும் ஈன்ற அந்தக் கடல், தான் ஈன்றவற்றையும் விழுங்கியவற்றையும் ஒருங்கே நினைத்துக்கொண்டதுபோல், கறுத்துக் கரையோடு பேசாமல் கிடக்கும். உப்பளத்தில் வேலை நின்றுவிடும். குவித்த உப்பின்மேல் பனையோலை வேய்ந்துவிட்டு ஆள்கள் வீடு திரும்புவர். முருகனுக்கு நோன்பிருக்க ஒரு சாரார் மனத்தைத் திருப்பும் அதே பருவத்தில், கடற்கரைக் கத்தோலிக்கர் தம் இறந்தோரை எண்ணத் தொடங்குவர். இரு சாராருக்கும் அது தலை தாழ்ந்து நடக்கும் மாதம்.

வெள்ளையர் கொடி இறங்கிய ஆண்டின் ஐப்பசியில், கருப்பட்டி வியாபாரி சிவனணைந்தபெருமாள் வீட்டில் மட்டும் இந்த அமைதி வாய்க்கவில்லை.

அவர் உடன்குடிக்காரர். பனங்காட்டில் காய்ச்சிய கருப்பட்டியை வண்டி வண்டியாக வாங்கி வந்து தூத்துக்குடிக் கடைத்தெருவில் விற்பவர். கடைக்குப் பின்கட்டே வீடு. மழைக்காலத்தில் கருப்பட்டி வியர்க்கும், வியர்த்தால் இளகும், இளகினால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகையால் ஐப்பசி முழுவதும் சிப்பங்களைப் பரண்மேல் அடுக்கி, கீழே பனைமட்டைத் தணலைப் போட்டு மூட்டம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது அவர் மனைவி வடிவம்மாளின் வேலை. கண் எரியும், தொண்டை கரகரக்கும், சேலை புகை நாறும். எரிச்சல்பட அவளுக்கு அதுவே போதும். ஆனால் அவளுக்கு வாய்த்த எரிச்சல் வேறு.

ஊரில் அவள் கணவரை 'மெடல் அண்ணாச்சி' என்றார்கள். படையிலும் கப்பலிலும் காவலிலும் நெடுங்காலம் மாசின்றி ஊழியம் செய்தவர்களுக்கு அரசு வழங்கிய நன்னடத்தை வெள்ளிப் பதக்கங்களை அவர் சேர்த்து வந்தார். செத்துப்போன பென்சன்காரர்களின் வீடுகளிலிருந்தும், உருக்கக் காத்திருந்த ஆசாரிகளின் பட்டறைகளிலிருந்தும் கெஞ்சி வாங்கியவை. போரில் வீரம் காட்டியதற்கான பதக்கம் அவருக்கு வேண்டாம்.

"அது ஒரு நிமிசம் துணிஞ்சவனுக்குக் குடுக்கது. இது அப்படியா? இருபத்தோரு வருசம் ஒரு தப்புத் தண்டா இல்லாம இருந்திருக்கான். நம்மளால ஒரு வாரம் முடியுமா?" என்பார். பதக்கத்தின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. ஓரத்தைத்தான் பார்ப்பார். அங்கேதான் பெற்றவனின் பெயர் பொறித்திருக்கும். "ராசா தலை எல்லாத்துலயும் ஒண்ணு. பேருதான் வேற வேற. பேரு போச்சுன்னா இது வெறும் வெள்ளி." ஓரம் தேய்ந்துவிடும் என்று அவற்றைத் திருநீறு போட்டு விளக்கவும் வடிவம்மாளுக்கு அனுமதியில்லை.

"உங்ககூட இருபத்திரண்டு வருசமா குப்பை கொட்டுதேன். நானும் ஒரு தப்புத் தண்டாவுக்குப் போகல. எனக்கு ஒரு மெடலைக் குத்தி விடுங்களேன் பாப்போம்" என்பாள்.

"நன்னடத்தையும் வேணும்லா. வாய் இருக்கே உனக்கு."

"ஆமா, வாயில்லாம இருந்திருந்தா இந்தக் கடையையும் ஓட்டை உடைசலுக்குக் குடுத்துட்டு வந்திருப்பிய."

ஆகஸ்டில் கொடி மாறியபின் கடைத்தெரு இளவட்டங்கள் கேலியைக் கூட்டின. "அண்ணாச்சி, ராசாவே கப்பல் ஏறிட்டான், தலையை மட்டும் ஏன் வச்சிருக்கிய?" என்றார்கள். யாராவது வெள்ளைக்காரன் ஆள் என்று பெயர் கட்டிவிடுவார்களோ என்று அவருக்கு உள்ளூர அச்சம். ஆகையால் பதக்கங்கள் இருந்த தகரப்பெட்டியைப் பூட்டி, பரணில் கருப்பட்டிச் சிப்பங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார். சாவி வடிவம்மாளின் கொத்தில் இருந்தது. அந்தக் கொத்து எப்போதும் அவள் இடுப்பில் தொங்கும். அண்மையில் அதற்குப் புது வெள்ளி வளையம் ஒன்று போட்டிருந்தாள். அவள் வருவது போவதெல்லாம் தெருவரை கேட்டது.

ஐப்பசி நடுவில் ஒரு முற்பகல், தூறலுக்குத் தலையில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு பிளாரன்ஸ் வந்தாள். கடற்கரைத் தெருக்காரி. அவள் கணவன் இஞ்ஞாசி பர்னாந்து பம்பாயில் கப்பற்படை ஊழியத்தில் தலை நரைத்து, பதக்கத்தோடு ஊர் திரும்பியவன். சும்மா இருக்க முடியாமல் கொழும்புத் தோணியில் போனான். போர்க்காலத்துப் புயலொன்றில் தோணியோடு மறைந்தான். உடல் கிடைக்கவில்லை. அரிசி கிடைக்காத அந்த ஆண்டில் பிளாரன்ஸ் அவனுடைய பதக்கத்தைக் கொண்டுவந்து ஒரு சிப்பம் கருப்பட்டிக்கும் ஒரு மரக்கால் அரிசிக்கும் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "நீ கேக்கிற அன்னைக்கி இது உன் கையில இருக்கும். அதுவரை பேரு எங்கிட்ட பத்திரமா இருக்கும்" என்று சிவனணைந்தபெருமாள் அன்று சொன்னார். கடைத்தெருவே கேட்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, அவரு மெடலை வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"என்னளா திடீர்னு?"

"வருவாரு வருவாருன்னு இருந்துட்டேன். இனும என்னத்த. வாற ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சாமியார் கல்லறையெல்லாம் மந்திரிக்காரு. அவருக்கும் ஒரு குழி வெட்டி, குருசு நட்டுறலாம்னு எங்க அண்ணன் சொல்லுதாரு. ஆனா வெறுங்குழி வெட்ட மாட்டாங்க எங்க ஆளுங்க. வெறுங்குழி வச்சா வீட்டுல இன்னொரு ஆம்பளையை அது கேக்கும்பாங்க. எங்க அண்ணன் கார்த்திகையில தோணி ஏறணும். துணிமணியெல்லாம் அவரோடயே போச்சு. அவரு பேரு உள்ள சாமான் அது ஒண்ணுதான்."

"அதுக்கென்ன. சாயந்தரம் வா, எடுத்து வைக்கேன்."

வடிவம்மாளிடம் சாவிக்கொத்தை வாங்கிப் பரண் ஏறினார். கருப்பட்டி இளகிப் பெட்டியின் மூடியில் பசைபோல் ஒட்டியிருந்தது. பதக்கங்களைப் பாயில் பரப்பி, ஒவ்வொன்றாய் எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இஞ்ஞாசி இல்லை. மீண்டும் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

அன்று மாலை பிளாரன்ஸ் வந்தபோது, "பெட்டிச் சாவி உடன்குடியில கெடக்கு" என்றார். மறுபடி வந்தபோது, "கருப்பட்டி ஒட்டிக் கெடக்கு, கழுவிக் குடுக்கணும்" என்றார். மூன்றாம் முறை அவள் வருவதைக் கண்டு உப்பளத்துப் பக்கம் நடந்துவிட்டார். வடிவம்மாள்தான் அவளுக்கு வாசலில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வந்தவரை அவள் புகைக்கு நடுவே நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"என்ன விளையாடுதியளா? புருசனைப் பறிகுடுத்தவ கோணிச்சாக்கைப் போட்டுக்கிட்டு மழையில நடையா நடக்கா. நீங்க உப்பு அள்ளப் போறிய. குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"இருந்தா குடுக்க மாட்டனா? காணல."

"எதைக் காணல?"

"அதைத்தான். அத்தனையும் இருக்கு, இஞ்ஞாசியைக் காணல. பூட்டின பெட்டியில இருந்து ஒண்ணே ஒண்ணை எவன் எடுத்திருப்பான்?"

வடிவம்மாள் கையிலிருந்த பனைமட்டையைத் தணலில் போட்டாள். புகை எழுந்து இருவர் முகத்தையும் மறைத்தது.

"நாந்தான் எடுத்தேன்."

"நீயா?"

"நீங்க உடன்குடியில கொள்முதலுக்குப் போய் உக்காந்திருந்தியளே, பிள்ளைக்கு அம்மை வந்து ரெண்டு கண்ணும் ஒட்டிப்போய்க் கெடந்துதே, அப்ப. அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துதேன்னு நேந்துக்கிட்டேன். வெள்ளிக்கு எங்க போவேன்? தலைக்கு மேல பரண்ல கெடக்கு. கையில அம்புட்ட ஒண்ணை எடுத்துட்டுப் போய் ஆசாரிகிட்ட குடுத்தேன். மறுநாளே சாத்தினேன். நாலாம் நாளு பிள்ள கண்ணைத் திறந்து 'அம்மா'ன்னுது. நீங்க வந்து அவ கண்ணைப் பாத்துக் கும்பிட்டியளே, வெள்ளி எங்கேருந்து வந்துதுன்னு ஒரு வார்த்தை கேட்டியளா?"

அவர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். பிறந்தவற்றுள் தங்கி நிலைத்த ஒரே பிள்ளை முத்துக்கனி. அவள் அப்போது அடுக்களை வாசலில் கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு கோபிப்பது எளிதாக இல்லை.

"எடுத்ததுதான் எடுத்த, ஓரத்தைப் பாத்து எடுக்கப்பிடாதா?"

"ஓரத்துல இங்கிலீசுல எழுதியிருக்கதை நான் எங்க கண்டேன்? எனக்கு எல்லா ராசாவும் ஒண்ணுதான், எல்லா மெடலும் ஒண்ணுதான்."

"எடுத்த பொறவு எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருந்தா அம்மன் முகத்துல இருக்கதை நோண்டி எடுத்துட்டு வந்திருப்பிய."

தெய்வத்துக்குச் சாத்தியதைத் திரும்பக் கேட்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் மறுநாள் கோயில் பக்கம் போய், அம்மன் முகத்தில் ஒளிர்ந்த அந்த இரண்டு வெள்ளிக் கண்களையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, கும்பிடவும் மறந்து திரும்பி வந்தார். வந்தவரிடம் வடிவம்மாளே வழி சொன்னாள்.

"பெட்டி நிறைய வச்சிருக்கிய. அதுல ஒண்ணை எடுத்துக் குடுங்க. அவளுக்கும் இங்கிலீசு தெரியாது, எனக்கும் தெரியாது. மண்ணுக்குள்ள போறதை யாரு வாசிக்கப் போறா?"

"அது வேற ஆளு பேருளா."

"பேரு, பேரு, பேரு. உங்க பேரையே ஊரு மறந்துபோச்சு, மெடல் அண்ணாச்சிங்குது. சும்மா குடுங்க. அவ நிம்மதியா ஒரு குழியை மூடட்டும். நானும் நிம்மதியா இந்தப் புகையில சாவுதேன்."

எத்தனையோ பேரிடம் தொண்டை கிழியப் பேசிய தம் கொள்கையைத் தம் வீட்டுக்குள்ளேயே காக்க முடியாத சலிப்பில், அவர் பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். பெல்லாரிக்காரன் எல்லப்பா என்றொரு ஹவில்தாருடைய பதக்கம் அது என்று வடிவம்மாளிடமும் சொன்னார். கருப்பட்டிப் பிசுக்கை வெந்நீரில் கழுவி, வாழ்க்கையில் முதன்முறையாகத் திருநீறு போட்டுத் தாமே விளக்கினார்.

திருநாளுக்கு முந்தைய நாள் பிளாரன்ஸ் வந்தாள். இம்முறை அண்ணனும் உடன் வந்து தெருவில் குடையோடு நின்றான். சிவனணைந்தபெருமாள் பதக்கத்தை ஒரு வெற்றிலையில் வைத்து நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாரன்ஸ் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முகம், பின்புறம், ஓரம் என்று பார்த்தாள். அதைக் கண்களில் ஒற்றினாள். பின்பு, கடையில் ஆள்கள் நிற்பதையும் மறந்து, ஓரத்தில் எழுத்து இருந்த இடத்தைத் தேடி உதடு பதித்தாள்.

"வந்துட்டியளா" என்றாள் மெதுவாக. பதக்கத்திடம்தான் சொன்னாள்.

அடுக்களை வாசலில் நின்று வடிவம்மாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னவள் அவளே. குடுங்க என்று விரட்டியவளும் அவளே. ஆனால் ஒருத்தி தன் புருசனென்று எண்ணி ஊர் பேர் தெரியாத ஒருவனுடைய பெயருக்கு முத்தம் கொடுப்பதைப் பார்த்தபின் அவளால் நிற்க முடியவில்லை. பிளாரன்ஸ் படியிறங்கி நாலடி போவதற்குள் சாவிக்கொத்து கலகலக்க ஓடி வந்தாள்.

"ஏளா பிளாரன்ஸ், நில்லு. அது உன் மாப்பிள்ள இல்ல."

"என்னக்கா சொல்லுதிய?"

"அது எவனோ பெல்லாரிக்காரன். இங்க கொண்டா அதை. உள்ள வா, சொல்லுதேன். நான் செஞ்ச காரியம்."

உள்ளே உட்காரவைத்துச் சொன்னாள். அம்மை, நேர்ச்சை, ஆசாரி, கண்மலர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். வேறொன்றைக் கொடுக்கச் சொன்னதும் தான்தான் என்றாள். சிவனணைந்தபெருமாள் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு முறை, "நானும் குடுத்திருக்கக் கூடாது" என்றார்.

பிளாரன்ஸ் புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். இன்னொரு முறை துடைத்தாள்.

"முத்தம்லா குடுத்தேன்" என்றாள்.

பரணிலிருந்து கருப்பட்டி நீர் ஒரு சொட்டுத் தணலில் விழுந்து பொசுங்கியது.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. கேக்கிற அன்னைக்கி கையில இருக்கும்னிய. நாலு நடை நடந்தேன். ஒரு நடையில சொல்லிருந்தா நாலு திட்டு திட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப எங்க அண்ணன் வாசல்ல நிக்காரு. நாளைக்குக் குழி வெட்டுதாங்க. நான் என்னத்தைக் கொண்டு போட?"

"என்னை என்ன வேணாலும் சொல்லுளா" என்றாள் வடிவம்மாள்.

"சொல்லி? நானும் பிள்ள பெத்தவதான். ஒட்டின கண்ணைப் பாத்துக்கிட்டு எவ ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு பாப்பா?" அவள் சற்று நேரம் முத்துக்கனியைப் பார்த்தாள். "அம்மன் முகத்துல கண்ணா இருக்காராக்கும். இருபத்தோரு வருசம் பம்பாயில இருந்துக்கிட்டு வீட்டைத் திரும்பிப் பாக்கல அந்த மனுசன். இப்ப தெருவையே பாக்காரு. நன்னடத்தைன்னு கப்பல்காரன் குடுத்தான். எங்கிட்ட கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. சிவனணைந்தபெருமாள் மட்டும், வெட்கத்தின் அடியில் கிடந்தும் பழக்கம் விடாமல், மனைவியிடம் முணுமுணுத்தார்.

"ஆசாரி முழுசா உருக்கிட்டானா?"

"உருக்கல. தட்டித்தான் செஞ்சாரு. முன்னாடியே உக்காந்து பாத்தேன். ஆசாரியை நம்பி விட்டுட்டு வருவேனா? மொதல்ல ஓரத்தைச் சுத்தி அறுத்துட்டாரு. பேரு வெட்டின வெள்ளியை அம்மனுக்கு ஆக்க மாட்டாராம். ஒருத்தன் பேரை எடுத்துச் சாமி கண்ணுல வைக்கப்பிடாதாம்."

"அறுத்த ஓரம்?"

"எங்கிட்ட குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேன். எதுக்கு அவருக்கு விடணும்? அதை வெட்டி வளைச்சு…"

அவள் நிறுத்தினாள். மெதுவாகக் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள்.

மூவரும் பார்த்தனர். சிவனணைந்தபெருமாள் கையை நீட்டிச் சாவிக்கொத்தை வாங்கினார். எத்தனை முறை அந்தக் கொத்தை அவள் கையிலிருந்து வாங்கியிருந்தார்! பெட்டியைத் திறந்து இஞ்ஞாசியைத் தேடியதே அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டுதான். பதக்கம் என்றால் ஓரத்தை மட்டுமே பார்ப்பவர், சாவி வளையத்தின் ஓரத்தைப் பார்க்கவில்லை.

சாவிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி, வளையத்தை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பினார். ஆசாரி வெட்டிப் பொருத்திய இடத்தில் எண்ணின் பாதி போயிருந்தது. பெயர் போகவில்லை. அதை எழுத்தெழுத்தாக, கோயிலில் பாடுபவர் பாடுவதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"இஞ்ஞாசி. பர்னாந்து."

பிளாரன்ஸ் எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"முழுப் பேரையும் போட்டிருக்கா?"

"முழுப் பேரும் இருக்கு. ராசாதான் போயிட்டான்."

"அவன் போனா போறான்" என்று அவள் வாங்கிக்கொண்டாள். இம்முறை முத்தமிடவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது திரும்பி, "நாளைக்குப் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க அக்கா" என்றாள்.

மறுநாள் மழை இல்லை. கல்லறைத் தோட்டத்து மணல் ஈரத்தில் கறுத்திருந்தது. வரிசை வரிசையாய்க் குருசுகளின் அடியில் மெழுகுவத்திகள் எரிந்தன. இஞ்ஞாசிக்காக வெட்டிய குழி சிறியது. ஒரு கைப்பிள்ளையின் குழியளவே இருந்தது. பிளாரன்ஸ் ஒரு முத்துச் சிப்பியின் இரு ஓடுகளைக் கொண்டுவந்திருந்தாள். வளையத்தை அவற்றின் நடுவே வைத்து மூடி, வலைநூலால் கட்டி, அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் மண்டியிட்டுக் குழிக்குள் வைத்தான். சாமியார் தீர்த்தம் தெளித்து, இறந்தவன் பெயரைச் சொல்லிச் செபித்தார். சிவனணைந்தபெருமாள் ஒதுங்கி, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாரோடும் தாமும் ஒரு பிடி மணல் இட்டார். எல்லப்பாவின் பதக்கம் பெட்டிக்குத் திரும்பியிருந்தது. திருநீறு போட்டு விளக்கியதில் அதன் ஓரம் மங்கவில்லை என்பதை விடியலிலேயே எழுந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

வடிவம்மாளின் இடுப்பில் சாவிக்கொத்து இன்று ஒலிக்கவில்லை. பனைநாரில் கட்டியிருந்தாள்.

கூட்டம் கலைந்தபின் அவள் மட்டும் அந்தப் புதுக் குருசின் அருகே சென்றாள். மடியில் முடிந்திருந்த மெழுகுவத்தியை எடுத்து, பக்கத்துக் கல்லறைச் சுடரில் பற்றவைத்து, மணலில் ஊன்றினாள். வாடைக்காற்று அதைச் சாய்த்தது. அவள் முழந்தாளிட்டு இரு கைகளையும் சுடரைச் சுற்றிக் குவித்துக்கொண்டாள். அம்மன் சன்னிதியில் கும்பிடும் அதே கைகள். எந்தத் தெய்வத்தை அழைப்பதென்று தெரியாமல், உதடு அசையாமல், சுடர் நிலைத்து நிற்கும்வரை அப்படியே இருந்தாள்.

பிளாரன்ஸ் முத்துக்கனியைத் தன்னருகே இழுத்து, முகத்தை நிமிர்த்தினாள். பிள்ளையின் இரண்டு இமைகளின்மேலும் பெருவிரலால் சிலுவை வரைந்தாள்.

"மாதா காப்பாத்தட்டும். பாக்கதெல்லாம் நல்லதாப் பாத்து, நெடுநாள் நல்லா இரு மக்ளே."